கோபுரம் அடுக்கிய கற்கள்

மலை நடையின் மூன்றாம் நாள் காலையில் கேஸ் டப்பாவை மறந்தது யார் என்று கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மச்சானைக் கேட்டால் மாப்பிள்ளை என்பார். மாப்பிள்ளையைக் கேட்டால், ஸ்டவ்வை மடித்து வைத்தவர் மச்சான், டப்பாவையும் அவர்தானே எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பான். நமக்கு எதற்கு வம்பு. ராத்திரி தங்கிய இடத்திலேயே டப்பா கிடந்தது. ஒன்றரை மணி நேரம் மேலே ஏறி வந்து, டீ போடலாம் என்று உட்கார்ந்த பிறகுதான் அது தெரிந்தது.

அந்த மாப்பிள்ளைக்குக் கடையில் கோபுரம் என்று பெயர். பெரிய கடை. இந்த முனையில் நின்றால் அந்த முனையில் நிற்கிறவர் முகம் தெரியாது. அங்கே பதினாறு வருடமாக அலமாரிகளில் சரக்கு அடுக்குகிற வேலை. வாசலுக்கு நேராகத் தக்காளி டின்களை ஆள் உயரத்துக்கு அடுக்கிவிடுவான். ஏதாவது ஒரு குழந்தை நடுவிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு ஓடினாலும் மற்றவை அசையாது. பெயர் அப்படி வந்தது. அந்த வேலையில் முகம் வைப்பது என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு டின்னும் பெயர் எழுதிய பக்கத்தை வருகிறவருக்குக் காட்ட வேண்டும். ஒன்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் கோபுரத்துக்குச் சோறு இறங்காது. வீட்டிலும் இதே கதைதான். சமையலறை டப்பாக்களை உயர வரிசைப்படி நிறுத்தி முகம் வைத்துவிடுவான். பார்க்க அழகாக இருக்கும். உப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் மனைவிக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாக அந்த அம்மாள் தினம் உப்பைத் தேடுகிறாள்.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கி எண்ணி எண்ணி, இப்போது எதைப் பார்த்தாலும் எண்ணுவாள். இந்த ஆறு நாள் மலை நடை அவளுடைய ஆசை. நாலாம் நாள் ஒரு கணவாய் வரும், அதில் ஏறி நின்றால் மலைக்கு அந்தப் பக்கம் முழுவதும் தெரியும் என்று எங்கோ படித்துவிட்டு எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். துணைக்கு அவள் அண்ணன், அந்த மச்சான், வந்தார். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க உயரத்தில் தொங்கிப் பழகியவர், அதனால் தரையில் எங்கே உட்கார்ந்தாலும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் குறட்டை விடுவார்.

"நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்," என்று மனைவி எழுந்தாள். "பை இல்லாம போனா சீக்கிரம் வந்துடலாம். என் பையை நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தூக்கிக்குங்க. மெதுவா நடங்க. ஏரிக்குப் போறதுக்குள்ள பிடிச்சிடுவேன்."

"தனியாவா?" என்றான் கோபுரம்.

"வழி முழுக்கக் கல்லு வச்சிருக்காங்களே. கண்ணு தெரிஞ்சா போதும்."

அவள் சொன்னது சரிதான். அந்த உயரத்தில் மரம் இல்லை, மண் இல்லை, காலடித் தடம் பதிய இடமே இல்லை. எல்லாம் பாறை. அதனால் முன்னால் போனவர்கள் திருப்பத்துக்குத் திருப்பம் மூன்று நான்கு கற்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டுப் போவார்கள். பின்னால் வருகிறவர்கள் ஒரு குவியலிலிருந்து அடுத்த குவியலைத் தேடிப் பார்த்து நடப்பார்கள். அதற்கு அதிகாரி கிடையாது, காவல் கிடையாது. ஒருத்தர் வைத்ததை இன்னொருத்தர் நம்புவதுதான் மொத்த ஏற்பாடும்.

மேப்பைக் கால்சட்டைப் பாக்கெட்டில் வைத்தபடியே அவள் இறங்கிப் போய்விட்டாள். ஜாக்கெட், தண்ணீர், சாப்பாடு எல்லாம் பையில் இருந்தன. மேப்பை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஜாக்கெட்டைக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்றும் தோன்றவில்லை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

மூன்று பை, இரண்டு ஆள். ஒருவர் தன் பையை முதுகில் போட்டுக்கொண்டு அவள் பையை நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொள்வார். கால் எங்கே படுகிறது என்றே தெரியாது. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நின்று மாற்றிக்கொள்வார்கள். நின்றால் மச்சான் தொப்பியைக் கவிழ்த்துவிடுவார். கோபுரம் என்ன செய்வான்? பக்கத்தில் கிடக்கிற கல்லைப் பார்ப்பான். தட்டையான ஒன்றை எடுத்துப் போடுவான். அதன் மேல் கொஞ்சம் சின்னது. அதன் மேல் இன்னும் சின்னது. அந்த மலைக் கற்களில் ஒரு பக்கம் மஞ்சள் பாசி படிந்திருக்கும். அந்தப் பக்கத்தை எல்லாம் ஒரே திசைக்குத் திருப்பி, வருகிறவர் பார்வைக்கு முகம் வைப்பான். கை அது பாட்டுக்கு வேலை செய்யும். மனசு வேறெங்காவது இருக்கும். "கிளம்பலாமா மாப்பிள்ளை?" என்று மச்சான் எழுந்து கேட்கும்போது ஐந்தடுக்கு, ஆறடுக்கு நின்றிருக்கும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவான்.

பதினோரு மணிக்கு மலைமுதுகுக்கு வந்தார்கள். அங்கே வழி இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஒரு முகடு அகலமாக, வெயிலில் பளபளவென்று போனது. வலது பக்கம் இன்னொன்று குறுகலாக, நிழலில் இறங்கியது.

"மேப்ல எந்தப் பக்கம் போட்டிருந்துது?" என்றார் மச்சான்.

"மேப் உங்க தங்கச்சிகிட்ட இருக்கு."

"அது தெரியும். நீங்க பார்த்தீங்களா இல்லையா?"

"நீங்க பார்த்திருப்பீங்கன்னு நான் பார்க்கலை."

அகலமான வழிதான் சரியான வழி என்று இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்து இடது பக்கம் போனார்கள். அரை மணி நேரத்துக்கும் மேலே நடந்தார்கள். மூன்று தடவை நின்று பை மாற்றினார்கள். மூன்றாவது தடவை மச்சான் படுக்கப் போன இடத்துக்கு நாலடி முன்னால் முகடு அப்படியே வெட்டுப்பட்டு நின்றது. கீழே எட்டிப் பார்த்தவர் இரண்டடி பின்னால் வந்தார்.

"இது வழி இல்லை," என்றார் மச்சான். லிஃப்ட் கதவைத் திறந்து உள்ளே லிஃப்ட் இல்லை என்று சொல்கிறவர் குரலில் அவ்வளவு நிதானமாகச் சொன்னார். திரும்பி வந்தார்கள். வலது பக்கத்தில் சரிந்து கிடந்த பழைய குவியல் ஒன்றை இப்போதுதான் கவனித்தார்கள். அது காட்டிய பக்கம் இறங்கி, இரண்டு மணிக்கு ஏரிக்கரை சேர்ந்தார்கள்.

நடுவழியிலேயே பனி மூட ஆரம்பித்திருந்தது. ஏரிக்கு வந்தபோது ஏரியைக் காணோம். தண்ணீர் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். டென்ட்டைப் போட்டார்கள். பிஸ்கெட் தின்றார்கள். "உங்க தங்கச்சி டீக்குப் பால் கறந்துக்கிட்டு வர்றா போலிருக்கு," என்று கோபுரம் ஒரு ஜோக் அடித்தான். மச்சான் சிரித்தார். இரண்டரைக்கும் ஒரு ஜோக் அடித்தான். மூன்று மணிக்கு இரண்டு பேரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ நம்மளைவிட வேகமா நடக்கிறவ," என்றார் மச்சான். "வழியிலயே நம்மளைப் பிடிச்சிருக்கணும்."

அவளுடைய பை கோபுரத்தின் காலடியில் இருந்தது. அதைத் திறந்து பார்த்தான். ஜாக்கெட் மேலாகவே மடித்து வைத்திருந்தாள். கம்பளித் தொப்பி, டார்ச், தண்ணீர் பாட்டில், வேர்க்கடலைப் பொட்டலம். ஒரு மனுஷி குளிரில் உயிரோடு இருக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அவனிடம் இருந்தன. அவளிடம் ஒரு மேப்பும் ஒரு கேஸ் டப்பாவும் இருந்தன. அந்த டப்பாவைப் பற்ற வைக்கிற ஸ்டவ்கூட இங்கேதான் இருந்தது.

"வாங்க, போகலாம்," என்று அந்தப் பையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ஏறும்போதே அவனுக்குத் தலை சுற்றியது. இறங்கி வந்த வழிதானா இது என்றே சந்தேகம். பனிக்குள் பத்தடி தூரத்துக்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு பாறையைப் பார்த்து, இதைக் காலையில் பார்த்தோம் என்றான். அடுத்த பாறையையும் பார்த்து அதையே சொன்னான். மச்சான் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை கழுத்தில் கிடந்த விசிலை ஊதினார். பனி அந்தச் சத்தத்தை வாங்கி எங்கேயோ வேறு பக்கத்தில் வைத்தது. பின்னால் யாரோ ஊதுகிறார்கள் என்று கோபுரம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

மலைமுதுகுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலே முக்கால். அங்கே நின்று சுற்றிப் பார்த்தார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. எந்தப் பக்கமும் ஒரே வெள்ளை. காலையில் எந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்தோம் என்று மச்சான் ஒரு பக்கம் கையைக் காட்டினார், கோபுரம் இன்னொரு பக்கம் காட்டினான். பிறகு இரண்டு பேரும் கையை மாற்றிக் காட்டினார்கள்.

"நில்லுங்க. அங்க ஒண்ணு இருக்கு," என்றான் கோபுரம்.

பனிக்குள் ஒரு குவியல் நின்றது. சும்மா சரிந்து கிடக்கிற குவியல் இல்லை. ஆறடுக்கு, தூக்குக் குண்டு விட்டுப் பார்த்த மாதிரி நேராக. கல்லின் மஞ்சள் பக்கம் அத்தனையும் அவர்களைப் பார்த்தபடி இருந்ததால் அவ்வளவு பனியிலும் பளிச்சென்று தெரிந்தது. கோபுரத்துக்கு மனசு கொஞ்சம் தெம்பாயிற்று.

"இதுதான் நாம வந்த வழி. பாருங்க, எவ்வளவு நேர்த்தியா வச்சிருக்கான். விவரம் தெரிஞ்ச ஆளு. இவனை நம்பிப் போகலாம்."

"காலைல நான் இதைப் பார்த்த ஞாபகம் இல்லையே."

"நீங்க எங்க பார்த்தீங்க? தூங்கிக்கிட்டே நடந்தீங்க."

அந்த விவரம் தெரிந்த ஆளை நம்பிப் போனார்கள். கால் மணி நேரத்தில் இரண்டாவது குவியல் வந்தது. அதுவும் அதே அழகு. கோபுரம் அதையும் பாராட்டினான். வழியில் யாருக்குமே இப்படி ஒரு அக்கறை கிடையாது, எல்லோரும் ஏனோதானோவென்று கல்லைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், இந்த ஆள் மட்டும் பின்னால் வருகிறவரை நினைத்துப் பார்த்திருக்கிறான் என்றான். பயத்தில் இருக்கிறவன் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பான், அந்தப் பேச்சுதான் அது. ஆனாலும் சொன்னான். நடந்துகொண்டே அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். பதில் இல்லை.

மூன்றாவது குவியலைப் பார்த்ததும் மச்சான் சட்டென்று அவன் தோளில் இருந்த பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"நகராதீங்க. இது அந்த இடம்."

"எந்த இடம்?"

"காலைல வந்து திரும்பினோமே. முன்னால பள்ளம்."

கோபுரம் திருதிருவென்று விழித்தான். இது எப்படி அந்த இடமாக இருக்க முடியும்? அங்கே போகும்போது குவியலே இல்லையே. இங்கே மூன்று இருக்கின்றனவே. இவர்கள் போன பிறகு யார் வந்து வைத்தது? குவியலைச் சுற்றி வந்தான். முன்பக்கம் முழுக்க மஞ்சள். பின்பக்கம் முழுக்க வெறும் கல். ஒரு கல்கூட முதுகைக் காட்டி நிற்கவில்லை.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"மச்சான், இது நான் வச்சது."

"என்னது?"

"மூணையும் நான்தான் வச்சேன். பை மாத்தறப்போ. நீங்க தூங்கிட்டீங்க."

மச்சான் குவியலின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நீல நிற டப்பா ஒன்று இருந்தது. காற்றில் உருண்டுவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் சின்னக் கல் முட்டுக் கொடுத்திருந்தது. அவர்களுடைய கேஸ் டப்பா.

அவள் இங்கே வந்திருக்கிறாள். டப்பா இருக்கிறது. அவள் இல்லை. நாலடி முன்னால் தரை முடிகிறது.

கோபுரம் குப்புறப் படுத்து விளிம்பு வரை ஊர்ந்து போனான். கீழே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. கூப்பிட வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. பன்னிரண்டு வருடம் கூடவே வாழ்ந்தவளைத் தன் கையாலேயே வழி காட்டி இங்கே கொண்டுவந்து விட்டோம் என்ற ஒரே நினைப்புதான் இருந்தது. மச்சான் பக்கத்தில் படுத்து விசிலை நீளமாக ஊதினார். நிறுத்தினார். மறுபடி ஊதினார்.

கீழே ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. கல்லோடு கல்.

"அண்ணா?" என்று ஒரு குரல் வந்தது. தொண்டை கட்டிப்போய், கரகரவென்று. "அண்ணா, அவர் உங்ககூட இருக்காரா?"

"இருக்கேன்," என்றான் கோபுரம். "நான் இங்கதான் இருக்கேன்மா."

கீழே அவள் அழுவது கேட்டது.

இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே, பாய் விரிக்கிற அகலத்துக்கு ஒரு பாறைத் திட்டு இருந்தது. அதில் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது பாறை காய்ந்திருந்ததாம். பனி இறங்கி நனைந்த பிறகு கால் வைத்தால் வழுக்கியதாம். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக மேலே வரவும் முடியாமல் கீழே போகவும் முடியாமல் இருந்திருக்கிறாள். மச்சான் அதற்குப் பிறகு வேறு ஆளாகிவிட்டார். இடுப்பில் பெல்ட்டுக்குப் பதிலாக அவர் பல சுற்றாகக் கட்டியிருப்பது லிஃப்ட் வேலைக்கான நீளமான பட்டை. அதையும் பையின் தோள்வார்களையும் அவிழ்த்து முடிந்து, ஒவ்வொரு முடிச்சையும் காலால் மிதித்து இழுத்துப் பார்த்து, ஒரு முனையைப் பாறையில் சுற்றி மறு முனையைக் கீழே விட்டார். "கைக்கு அடியில போட்டுக்கோ. நான் சொல்றப்போ மட்டும் கால் வை. அவசரப்படாதே." கோபுரம் பட்டையைப் பிடித்துக்கொண்டு மச்சான் சொன்னபோது இழுத்தான், சொன்னபோது நிறுத்தினான். அவள் தலை மேலே தெரிந்ததும் பட்டையை விட்டுவிட்டு அவள் கையைப் பிடிக்கப் போனான். மச்சான் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். மறுபடி பட்டையைப் பிடித்தான்.

மேலே வந்ததும் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டார்கள். தொப்பியை மாட்டினார்கள். வேர்க்கடலையைக் கொடுத்தால் கை நடுங்கிப் பாதி கீழே கொட்டியது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் கோபுரத்தின் முகத்தையே பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள்.

"அடி எதுவும் படலையா?" என்று கேட்டாள்.

"எனக்கா? எனக்கென்ன அடி?"

"நீங்க கீழ விழுந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

அவனுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "நான் ஏன் விழறேன்?"

"முதல் குவியலைப் பார்த்ததுமே உங்க கைன்னு தெரிஞ்சுது," என்றாள். "வேற யாரு கல்லுக்கெல்லாம் முகம் வைப்பாங்க? ரெண்டாவதும் உங்களோடது. மூணாவதும். அதுக்கு மேல இல்லை. பள்ளம்தான் இருந்துது. எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? கீழ ஒரு திட்டு தெரிஞ்சுது. அங்க விழுந்து கிடக்கறீங்களோன்னு இறங்கினேன்."

"உன்கிட்ட மேப் இருந்துதே. இந்தப் பக்கம் வழி இல்லைன்னு அதுல தெரியலையா?"

"தெரிஞ்சுது. வழி வலது பக்கம்னு நல்லாவே தெரிஞ்சுது. அங்க இருந்த பழைய குவியலையும் பார்த்தேன்." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "ஆனா நீங்க அந்தப் பக்கம் போகலையே."

கோபுரம் தலையைக் குனிந்துகொண்டான். இவன் ஏரிக்கரையில் பிஸ்கெட் தின்றுகொண்டு ஜோக் அடித்த நேரத்தில், அவள் அந்தத் திட்டில் உட்கார்ந்து கீழே பனிக்குள் இவன் உடம்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தான். பிறகு சொல்லிவிட்டான். காலையிலேயே திரும்பிவிட்டதை, ஏரிக்குப் போனதை, டென்ட் போட்டதை, ஜோக்கையும்கூட.

"திரும்பறப்போ இதையெல்லாம் தாண்டித்தானே போனீங்க?" என்றாள்.

"ஆமா."

"ஏன் கலைக்கலை?"

நல்ல காரணம் ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பான். "தோணலை," என்றான். "அதை வச்சதே எனக்குத் தெரியலை. இப்போ வர்றப்போகூட, யாரோ நல்லா வச்சிருக்கான்னு பாராட்டிக்கிட்டு வந்தேன். வேணும்னா உங்க அண்ணனைக் கேளு."

"ரொம்பப் பாராட்டினார்," என்றார் மச்சான்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்தாள். முடிந்தது. "கலைங்க," என்றாள்.

மூன்றாவது குவியலை அவன் கலைத்தான். காலால் தள்ளினால் இரண்டு கல்தான் விழுந்தன, அவ்வளவு உறுதியாக இருந்தது. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தூரத் தூர வீச வேண்டியிருந்தது. இரண்டாவதையும் அப்படியே. அவள் பக்கத்தில் நின்று, பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்ப்பதுபோல ஒவ்வொரு கல்லையும் எண்ணிக்கொண்டிருந்தாள். மச்சான் விசிலோடு முன்னால் போய் முதல் குவியலுக்கு அருகே நின்று ஊதினார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்து அதையும் கலைத்தார்கள். மலைமுதுகில் பழைய குவியல் மட்டும் அரைகுறையாகச் சரிந்து நின்றது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"மூணுதானா?" என்றாள்.

"மூணுதான்."

"இந்தப் பக்கம் மூணு. மத்த இடத்துல?"

"எந்த இடத்துல?"

"மூணு நாளா நடக்கறோமே. எங்கெல்லாம் வச்சீங்க?"

கோபுரம் யோசித்தான். முதல் நாள் ஆற்றைத் தப்பான இடத்தில் கடக்கப் பார்த்துத் திரும்பினார்கள். அங்கே கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். வைத்தானா? தட்டைக் கற்கள் நிறைய இருந்தது ஞாபகம் வந்தது. நேற்று மச்சான் வயிறு சரியில்லை என்று வழியை விட்டு விலகிப் போனபோது இவன் துணைக்குப் போய்ப் புதருக்கு இந்தப் பக்கம் காத்திருந்தான். மத்தியானம் ஒரு மேட்டில் சும்மா வேடிக்கை பார்க்க ஏறினான். ஒவ்வொரு இடமும் கண்ணுக்கு வந்தது. அங்கே தன் கை என்ன செய்தது என்பது மட்டும் வரவில்லை. பத்து இருக்கும் என்றான். கொஞ்சம் பொறுத்து, பதினைந்துகூட இருக்கலாம் என்றான். பிறகு தெரியவில்லை என்றான்.

"யாராவது பின்னாடி வந்துக்கிட்டுதானே இருப்பாங்க," என்றாள் அவள்.

மச்சான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மூன்று நாள் முன்னால் போனாலும் ஊர், மூன்று நாள் பின்னால் போனாலும் ஊர். கணவாய் மட்டும் முன்னால் இருந்தது.

"காலைல திரும்பறோம்," என்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் கணவாய்க்குப் போங்க," என்றான் கோபுரம். "எட்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கே. நான் தனியா போய் எல்லாத்தையும் கலைச்சுட்டு ஊருக்குப் போயிடறேன்."

"உங்களைத் தனியா விட்டா, போற வழியில புதுசா வச்சுடுவீங்க."

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் போல கோபுரத்துக்கு இருந்தது. எதை நம்பிச் சத்தியம் செய்வது என்று தெரியவில்லை.

மச்சான் விசிலை ஊதியபடி முன்னால் இறங்க, அவர்கள் பின்னால் போனார்கள். நாலு அடி நடந்ததும் அவள் அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. ஏரிக்கரை போய்ச் சேரும்வரை விடவில்லை. ஆசையாய்ப் பிடித்தாளா, வழியில் கல்லை எடுத்துவிடக் கூடாது என்று பிடித்தாளா என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.